மேகக் காட்டிலிருந்து தென்கடல் வரை: மலையகத்தில் தொடங்கும் ஐந்து நாள் பயணத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

இலங்கையின் மலைநாட்டில் ட்ரிப் என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. ராத்திரி பன்னிரண்டுக்கு வேன் கிளம்ப வேண்டும், பாட்டு அலற வேண்டும், விடியும்போது எங்கேயாவது கடற்கரையில் நிற்க வேண்டும். ஒரே நாளில் ஆறு இடம். ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம், ஒரு குரூப் போட்டோ, திரும்பவும் வேன். கோயில் சுற்றுலாவுக்கு இது போதும். காட்டுக்கு உதவாது.

காடு காலையில்தான் காட்சி கொடுக்கும். மேகக் காடு இருக்கும் ஓட்டன் சமவெளியில் ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறிவிடும். சிங்கராஜா மழைக்காட்டில் மத்தியானத்துக்குப் பிறகு மழை பிடிக்கும். அதனால் இந்தப் பயணம் முழுவதையும் ஒரு கணக்கில் போட்டிருக்கிறேன்: காட்டுக்குக் காலை, ரோட்டுக்குப் பகல், ராத்திரிக்குத் தூக்கம். இரவில் வண்டி ஓடக் கூடாது. வேன் சாரதியிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். "அண்ணே, நாங்க நைட்ல ஓட மாட்டோம்" என்றால் அவர் நம்ப மாட்டார், ஆனால் சந்தோஷப்படுவார்.

பாதை இதுதான். நுவரெலியாவிலிருந்து பட்டிப்பொல வழியாக ஓட்டன் சமவெளி. அங்கிருந்து ஒஹிய, பொரலந்த, அப்புத்தளை. பிறகு பெரகலையில் கொழும்பு ரோட்டைப் பிடித்து பெலிஹுலோயா, பலாங்கொடை, பெல்மதுளை. அங்கே தெற்கே திரும்பினால் கஹவத்தை, மாதம்பை, இறக்குவானை. புலுதோட்டைக் கணவாயைத் தாண்டினால் தெனியாய, சிங்கராஜா. பிறகு நில்வளா கங்கையோடு இறங்கி மாத்தறை. கடைசியில் தெவிநுவர, திக்குவல்லை, தங்காலை, அம்பாந்தோட்டை, வெல்லவாய வழியாக மறுபடி மலைக்கு ஏற்றம்.

எந்த மாதம்

மூன்று விதமான வானிலையை ஒரே பயணத்தில் சமாளிக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். ஓட்டன் சமவெளிக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. ஜனவரி, பெப்ரவரியில் விடியற்காலைப் புல்லில் உறைபனியும் பார்க்கலாம். சிங்கராஜாவில் வருடம் முழுக்க மழைதான், பெப்ரவரியில் கொஞ்சம் ஓயும். தென்கடல் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை அடங்கிக் கிடக்கும், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் கொந்தளிக்கும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் கடைசி வரைதான் என் தேர்வு.

ஏப்ரல் வேண்டவே வேண்டாம். நுவரெலியா வசந்தகாலச் சனத்தில் வண்டி நகராது, அறை வாடகையும் ஏறிவிடும்.

ஒரு விஷயத்தை மட்டும் எந்த மாதத்திலும் விடாதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைக் கிளம்பும் முதல் நாளும் ஒவ்வொரு காலையிலும் பாருங்கள். மஞ்சள் என்றால் அவதானம், செம்மஞ்சள் என்றால் தயார்நிலை, சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். பதுளை, நுவரெலியா, இரத்தினபுரி, மாத்தறை என்று இந்தப் பாதை தொடும் மாவட்டங்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் அடிக்கடி வருபவை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் செய்த நாசத்துக்குப் பிறகு, போனில் காட்டும் வரைபடத்தை மட்டும் நம்பி மலை ரோட்டில் இறங்கக் கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, பொலிஸ் அவசர அழைப்பு 119, அம்புலன்ஸ் 1990 மூன்றையும் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

வண்டியும் பையும்

சுமார் இரண்டாயிரத்து நூறு மீற்றர் உயரத்திலிருந்து கடல் மட்டத்துக்கு இறங்கப் போகிறீர்கள். பிரேக் பேட், பிரேக் ஒயில், டயர், வைப்பர் இவற்றைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். நீண்ட இறக்கத்தில் காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் சூடேறி, கருகிய வாடை வரும். அந்த வாடை வந்தால் பேச்சே இல்லை, ஓரம் கட்டிக் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குவது பழைய லொறிக்காரர்கள் சொல்லும் விதி. ஓட்டோ கியர் வண்டி என்றால் 'டி'யிலேயே விடாமல் '2' அல்லது 'எல்'லுக்கு மாற்றுங்கள்.

டீசல், பெற்றோல் நுவரெலியாவிலும் பலாங்கொடை, பெல்மதுளைப் பக்கமும் நிரப்பிக்கொள்ளுங்கள். தேசிய அடையாள அட்டை கட்டாயம். உள்ளூர்க்காரர் டிக்கட்டுக்கும் வெளிநாட்டவர் டிக்கட்டுக்கும் வித்தியாசம் பெரிது. கனடா, லண்டனிலிருந்து வந்த சொந்தக்காரர் கூட வந்தால் அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

பையில்: மழைக்கோட்டு (குடை காட்டில் கிளையில் மாட்டும்), கம்பளி ஸ்வெட்டர், மாற்றுச் சப்பாத்து, டோர்ச், கடதாசிப் பைகள். கடதாசிப் பை எதற்கு என்பது ஓட்டன் சமவெளி வாசலில் தெரியும்.

முதல் நாள்: ஓட்டன் சமவெளி

முந்தின இரவு நுவரெலியாவிலோ, முடிந்தால் அம்பேவெல, பட்டிப்பொலப் பக்கத்திலோ தங்குங்கள். நுவரெலியாவிலிருந்து சமவெளிக்குச் சுமார் முப்பது கிலோமீற்றர், ஆனால் பனியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். வாசல் ஆறு மணிக்குத் திறக்கும். அந்த நேரத்துக்கு அங்கே நின்றால்தான் இந்த நாள் உங்களுக்கு. பனியில் ஹை பீம் போடாதீர்கள், வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீமும் ஃபொக் லைட்டும் போதும்.

பட்டிப்பொல ரயில் நிலையம் 1,891 மீற்றரில் இருக்கிறது, நாட்டிலேயே உயரமான நிலையம். அதைத் தாண்டியதும் தேயிலை நின்றுவிடும். இந்த இடத்தில் வண்டியை மெதுவாக்கிப் பாருங்கள். கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் என்று இந்த மலைகளின் காட்டை வெட்டிச் சாய்த்தது நம் பாட்டன் பூட்டன்மாரின் கைகள். மேலே இருப்பது மட்டும் தப்பியது. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடக் கூடாது என்று 1873-இல் ஆங்கிலேய அரசு உத்தரவிட்டது. தண்ணீருக்காக எடுத்த முடிவு அது. மகாவலி, களனி, வளவை மூன்று ஆறுகளுக்கும் இந்தச் சமவெளியிலிருந்து தண்ணீர் போகிறது.

வாசலில் வனஜீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர்கள் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிஸ்கட் பக்கெட்டின் பொலித்தீன் உறையைக் கழற்றி, பிஸ்கட்டைக் கடதாசிப் பையில் கொட்டித் தருவார்கள். தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூட உரித்து எடுப்பார்கள். வரிசையில் எல்லோரும் முணுமுணுப்பார்கள். காரணம் மரை. உப்பு வாடைக்குப் பொலித்தீனைத் தின்று சாகும் மான் இனம் அது. வீட்டிலேயே ரொட்டியும் சம்பலும் வாழையிலையில் கட்டிக்கொண்டு போனால் இந்தப் பிரச்சினையே இல்லை. வாகன நிறுத்துமிடத்தில் மரை கிட்டே வந்து முகர்ந்தாலும் எதுவும் கொடுக்காதீர்கள்.

சுற்றுப்பாதை சுமார் ஒன்பது கிலோமீற்றர், மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. முதலில் உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளத்தின் பக்கம் போங்கள், பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி திரும்பும்போது. நீர்வீழ்ச்சி பனியிலும் தெரியும், உலக முடிவு தெரியாது. அங்கே மலை ஒரேயடியாகச் சுமார் 870 மீற்றர் விழுகிறது. கீழே தேயிலைத் தோட்டம், தொழிலாளர் லயக் கூரைகள், தெளிவான காலையில் தூரத்தில் தென்கடலின் கோடு. நான்காம் நாள் அந்தக் கோட்டில்தான் நிற்கப் போகிறீர்கள்.

பெரும்பாலானவர்கள் பள்ளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பாதையின் காட்டுப் பகுதியைக் கவனியுங்கள். மரங்கள் குட்டைதான், மேலே குடையாக விரிந்து, காற்றுக்கு முறுகி நிற்கும். தண்டெல்லாம் பாசி, கிளையெல்லாம் சாம்பல் பச்சையில் தாடி போலத் தொங்கும் லைக்கன். ஒரு கிளையைக் கிட்டே போய்ப் பாருங்கள். மழை இல்லாத நாளிலும் பாசி நுனியில் சொட்டுச் சேர்ந்து விழுந்துகொண்டிருக்கும். மேகத்தில் இருக்கும் ஈரத்தை இலையும் பாசியும் பிடித்து மண்ணுக்கு இறக்குகின்றன. பல இடங்களில் உச்சி காய்ந்து நிற்கும் மரங்களையும் பார்ப்பீர்கள். சமவெளியில் பல வருடங்களாக நடக்கும் மரச்சாவு அது.

1988-இல் தேசியப் பூங்காவான இந்தச் சமவெளி, 2010-இல் சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைத்தொடரோடு சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. பாதையை விட்டு இறங்காதீர்கள். புல்வெளிக்குக் கீழே சேறு, போனால் முழங்கால் வரை.

பதினொரு மணிக்குள் முடித்து ஒஹியப் பக்கம் இறங்குங்கள். ரோடு ஒடுக்கம், வளைவில் ஹோர்ன் அடியுங்கள், மேலே ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். இரவு அப்புத்தளையில், இன்னும் தெம்பிருந்தால் பெலிஹுலோயாவில்.

இரண்டாம் நாள்: இறக்கம்

இது ரோட்டு நாள். கல்லுப்பாறை, பள்ளத்தாக்கு, காற்று. பெரகலையிலிருந்து ஹல்துமுல்லை வரை வலப்பக்க மலைச்சுவரின் மேல்தான் நேற்று நின்றீர்கள். களுபஹனவில் திரும்பினால் நாட்டின் மிக உயரமான நீர்வீழ்ச்சியான பம்பரகந்த. மார்ச்சில் நூலாக இருக்கும், அவசரமென்றால் விட்டுவிடலாம். பெலிஹுலோயாவில் தேத்தண்ணி குடித்து, ஆற்றில் கால் நனைத்துக்கொள்ளுங்கள். பலாங்கொடை, பெல்மதுளை சும்மா கடந்து போகும் ஊர்கள், சாப்பாட்டுக்கும் டீசலுக்கும்.

இறக்குவானையில் மறுபடி தேயிலை வரும், கடையில் தமிழ்க் குரல் கேட்கும். நுவரெலியா, பதுளை மட்டும்தான் மலையகம் என்று நினைக்கும் நம்மவர்களுக்கு இந்தப் பக்கத்துத் தோட்டங்கள் ஞாபகத்திலேயே இருப்பதில்லை. ஒரு தேத்தண்ணிக்கு நின்று பேசுங்கள். மேலே ரோடு எப்படி, நேற்று மழையா என்பதை எந்தச் செயலியையும்விட அந்தக் கடைக்காரர் சரியாகச் சொல்வார்.

பிறகு புலுதோட்டை. ரோடு கொண்டையூசி வளைவுகளாக மடிந்து மடிந்து மேலேறும். ஒவ்வொரு வளைவிலும் தெற்குச் சமவெளி இன்னும் கொஞ்சம் அகலமாகும். பஸ் வந்தால் வளைவுக்கு முன்னாலேயே நின்று விடுங்கள், அவருக்கு முழு ரோடும் வேண்டும். மூன்று மணிக்குப் பிறகு இந்தக் கணவாயை ஏற ஆரம்பிக்காதீர்கள். மேலே சூரியகந்தைப் பக்கம் பனி இறங்கினால் வளைவும் பள்ளமும் ஒன்றாகத் தெரியும். சாயந்தரத்துக்குள் தெனியாய. தங்குமிடக்காரரிடமே மறுநாள் காட்டு வழிகாட்டியைப் பேசிவிடுங்கள்.

மூன்றாம் நாள்: சிங்கராஜா

சிங்கராஜாவுக்குப் பல வாசல்கள். கொழும்புப் பக்கமிருந்து வருகிறவர்கள் கலவானை வழியாகக் குடாவைக்குப் போவார்கள். நமக்கு மெதெரிப்பிட்டிய. தெனியாயவிலிருந்து தேயிலைக்கு நடுவே ஒடுக்கமான ரோடு, அது முடிந்த இடத்திலிருந்து நடை. காலை ஆறரைக்குத் தங்குமிடத்தை விட்டுக் கிளம்புங்கள். வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் டிக்கட்டும் வழிகாட்டியும் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வழிகாட்டிக் காசில் பேரம் பேசாதீர்கள். அவர் கண் இல்லாமல் நீங்கள் பார்ப்பது வெறும் பச்சைதான்.

அட்டையைப் பற்றி முதலில். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அட்டை புதிதல்ல, ஆனாலும் இங்கே அது வேறு கணக்கு. பாதையோரம் கொஞ்ச நேரம் நின்றால் காய்ந்த இலை மேல் நூல் மாதிரி எழுந்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, உங்கள் சூட்டைத் தேடிச் சாண் சாணாக வரும். முழங்கால் வரை வரும் அட்டை மேசு கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். இல்லையென்றால் நீளக் காற்சட்டையை மேசுக்குள் செருகி, மேசின் மேல் ஈரச் சவர்க்காரத்தையோ சித்தாலேபத் தைலத்தையோ தேயுங்கள். கடித்துவிட்டால் பிடுங்காதீர்கள், நகத்தால் வாயோரத்தில் நகர்த்தித் தள்ளுங்கள். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயமில்லை. அட்டையைவிடக் கவனிக்க வேண்டியது சிங்களத்தில் குணகட்டுவா என்று சொல்லும் சின்ன விரியன். சருகு நிறம், சருகுக்குள்ளேயே கிடக்கும். அதனால் கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள், சாய்வதற்கு முன் மரத்தையும் பாருங்கள்.

இப்போது காடு. ஓட்டன் சமவெளி மரங்கள் குனிந்து நிற்கும், இவை எழுந்து நிற்கும். ஹொர, துன், நாகமரம் என்ற மரங்கள் எல்லாம் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு நேராக ஏறியிருக்கும். அடியில் மரமஞ்சள் கொடி, கித்துள், ஓரங்களில் குடுவை தொங்கும் பூச்சிதின்னிச் செடி. மரங்களில் பாதிக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. 1970களின் தொடக்கத்தில் பிளைவுட்டுக்காக இந்தக் காட்டை இயந்திரம் வைத்து வெட்டத் தொடங்கினார்கள். எதிர்ப்பு வலுத்து 1977-இல் நிறுத்தினார்கள். 1988-இல் உலக மரபுரிமையானது. கொஞ்சம் பிந்தியிருந்தால் இன்று தேயிலைப் பெட்டிப் பலகையாகத்தான் இருந்திருக்கும்.

பறவைக்காக ஓடாதீர்கள், நில்லுங்கள். இங்கே பறவைகள் கூட்டணி வைத்து வரும். பத்துப் பன்னிரண்டு இனங்கள் ஒன்றாக, நாற்பது பறவைகள்கூட, அடிமரத்திலிருந்து உச்சி வரை ஆளுக்கொரு தளத்தைப் பிரித்துக்கொண்டு காட்டை அலசிக்கொண்டு போகும். செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்கள் சளசளத்துக்கொண்டு முன்னே, கொண்டைக் கரிச்சான் மேலேயிருந்து காவல். கால் மணி நேரம் ஒன்றுமே இருக்காது, திடீரென்று சுற்றிலும் இலை அசையும், ஐந்து நிமிடத்தில் எல்லாம் போய்விடும். குழுவில் ஒருவர் போனில் பாட்டு வைத்தால் அதுவும் இல்லை. நீல உடம்பும் செம்பழுப்புத் தலையும் சிவப்பு அலகுமாக ஒன்று பறந்தால், அது கெஹிபெல்லா. வழிகாட்டி முகத்திலேயே தெரியும்.

பன்னிரண்டு மணிக்குள் வெளியே வாருங்கள். மழையில் ஓடைகள் சட்டென்று ஏறும். தண்ணீர் கலங்கினால், இலை தழை அடித்து வந்தால், கடக்காதீர்கள். உடை மாற்றி, சாப்பிட்டு, கொட்டபொல, மொரவக்க, அக்குரஸ்ஸ வழியாக மாத்தறைக்கு இறங்குங்கள். நில்வளா கங்கை பெரும்பாலும் பக்கத்திலேயே வரும். இரவு மாத்தறை.

நான்காம் நாள்: தென்கரை

இங்கிருந்து மேற்கே போனால் மிரிஸ்ஸ, காலி. கிழக்கே போனால் தெவிநுவர, தங்காலை. கிழக்கைத்தான் சொல்வேன். மேற்கில் உல்லாசப் பயணிகள் கூட்டம். கரடுமுரடான கல்லும் அலையும் வேண்டுமென்றால் கிழக்கு. காலிக் கோட்டைக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும், அவசரமாகப் பார்க்கும் இடமல்ல.

விடியலில் தெவிநுவர கலங்கரை விளக்கம். 1890-இல் ஏற்றப்பட்டது, 49 மீற்றர், இலங்கையில் உயரமானது. இலங்கையின் தென்முனை இது, இதற்கு அப்பால் அந்தாட்டிக்கா வரை நிலமில்லை. இதே ஊரில்தான் தேனாவரம் இருந்தது. மொரோக்கோ பயணி இபின் பதூதா 1344-இல் வந்து பார்த்த பெருங்கோயில், 1588-இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் மும்மொழிக் கல்வெட்டில் தமிழ்ப் பகுதி இந்தக் கோயில் தெய்வமான தேனாவரை நாயனாருக்குக் காணிக்கை சொல்கிறது. 1911-இல் காலியில் கிடைத்த அந்தக் கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்று இந்த ஊரில் விஷ்ணு தேவாலயம். கும்பிட்டுவிட்டுப் போங்கள்.

அடுத்தது திக்குவல்லை தாண்டிக் குடாவெல்லயில் ஹும்மானய. பாறைக்கு அடியில் அலை புகுந்து, பிளவு வழியே அடைபட்டு, மேலே பீறிட்டு வரும் இடம். உண்மையைச் சொன்னால், மார்ச்சில் கடல் சோம்பலாக இருந்தால் ஒரு பெருமூச்சும் கொஞ்சம் தூறலும்தான். ஜூன், ஜூலையில் இருபது மீற்றருக்கு மேலும் எழும். அதற்காகப் பருவத்தை மாற்ற வேண்டாம். கம்பிவேலிக்கு இப்பால் நில்லுங்கள். வெளியே விற்கும் பொரித்த மீன், கணவாய் நன்றாக இருக்கும்.

கடலைப் பற்றி மலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பலருக்கு நீந்தத் தெரியாது, ஆனால் கடலைக் கண்டால் சட்டையோடு இறங்கிவிடுவோம். கறுத்து ஈரமாக இருக்கும் பாறையில் ஏறாதீர்கள், அந்த ஈரம் அலை அங்கே வரும் என்பதற்கு அத்தாட்சி. போட்டோவுக்குக் கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். சிவப்புக் கொடி இருந்தால் கால் நனைப்பதோடு சரி. இழுத்துவிட்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாக ஒதுங்கி, கையசைத்துக் கூப்பிடுங்கள். பிள்ளைகளைக் குளிக்க விடுவதானால் கற்பார் மறித்து நிற்கும் பொல்ஹேனவில் விடுங்கள்.

மத்தியானம் கிளம்பித் தங்காலை, அம்பாந்தோட்டை. வழியில் சட்டித் தயிரும் கித்துள் பாணியும் வாங்காமல் வராதீர்கள். இரவு திஸ்ஸமஹாராமை அல்லது கதிர்காமம். அவ்வளவு தூரம் வந்து முருகனைப் பார்க்காமல் திரும்பினால் வீட்டில் அம்மாயி விடமாட்டார்.

ஐந்தாம் நாள்: ஏற்றம்

கதிர்காமத்திலிருந்து புத்தல வழியாகப் போகும் ரோட்டில் வண்டியை மறித்துச் சாப்பாடு கேட்கும் யானைகள் உண்டு. ஆட்கள் பழக்கிவிட்ட பழக்கம். கண்ணாடியை இறக்காதீர்கள், எதுவும் எறியாதீர்கள், விடிந்து வெளிச்சம் வந்த பிறகே போங்கள். எனக்குப் பிடித்தது தணமல்வில வழி. அங்கும் யானை உண்டு, ஆனால் அகலமான ரோடு. வழியில் அவித்த சோளம் கிடைக்கும்.

வெல்லவாயவில் இரண்டு வழி. எல்ல வழியாக ஏறினால் இராவணா நீர்வீழ்ச்சியும் கூட்டமும். கொஸ்லாந்தை வழியாக ஏறினால் 220 மீற்றர் தியலும நீர்வீழ்ச்சி, பிறகு 2014 ஒக்டோபர் 29-இல் லயங்களோடு மண்ணுக்குள் போன மீரியபெத்தைத் தோட்டம் இருக்கும் மலைச்சரிவு, பெரகலை, அப்புத்தளை. நான் கொஸ்லாந்தை வழியாகத்தான் போவேன். முந்தின இரவு பெய்த மழையில் செம்மஞ்சளோ சிவப்போ அறிவித்திருந்தால் இரண்டு வழியும் வேண்டாம். வெல்லவாயவில் அறை எடுத்து, ஒரு நாள் லீவை நீட்டிக்கொள்ளுங்கள்.